செத்த காய் எழுந்து வந்தால்: ஜோம்பி ரிஸ்க் ஆடப் புதிதாக வருபவர்களுக்கு

ரிஸ்க் என்பது உலக வரைபடப் போர்டில் பகடை உருட்டி நாடு பிடிக்கும் போர் ஆட்டம். அதில் செத்த காய்க்கு ஒரு மரியாதையும் கிடையாது. பகடையில் தோற்றால் அதை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு அடுத்த உருட்டலுக்குப் போய்விடுவோம். இருபது காய் போனாலும் போர்டில் அதற்கான தடயம் மிஞ்சாது. ஜோம்பி சேர்த்து ஆடும்போது மாறுவது இந்த ஒரே இடம்தான். செத்தது டப்பாவுக்குப் போகாமல் செத்த இடத்திலேயே எழுந்து நிற்கிறது. மற்ற மாற்றங்கள் எல்லாம் இதிலிருந்து தானாக வந்துவிடும்.

போர் ஆட்டத்தில் ஜோம்பியைக் கலப்பது ஒன்றும் விசித்திரமான யோசனை இல்லை. இரண்டாம் உலகப் போரை வைத்து லாரி ஹாரிஸ் வடிவமைத்த ‘ஆக்சிஸ் அண்ட் அலைஸ்’ 1981-இல் முதலில் வெளிவந்தது. 2018-இல் அதற்கென்றே ஒரு ஜோம்பி பதிப்பு வந்தது. அதில் சாகும் காலாட்படை வீரன் ஜோம்பியாகிவிடுவான். காலாட்படைதான் அந்த ஆட்டத்தில் விலை மலிந்த காய். அடி விழும்போது முதலில் அவர்களைப் பலி கொடுத்து டாங்கியையும் விமானத்தையும் காப்பாற்றுவதுதான் பல வருடப் பழக்கம். ஜோம்பி வந்ததும் அந்த மலிவுப் பலிக்கு விலை ஏறிவிட்டது. அழகான மாற்றம்.

ஆனால் அந்தப் பெட்டி எல்லார் வீட்டிலும் இருக்காது. ரிஸ்க் இருக்க வாய்ப்பு அதிகம். இல்லாவிட்டால் நண்பர் வீட்டு அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். அதனால் ரிஸ்க் போர்டிலேயே ஆடக்கூடிய விதிகளைத் தருகிறேன். இவை எந்தக் கம்பெனியும் அச்சிட்டவை இல்லை. எங்கள் கூட்டத்தில் ஆடிப் பார்த்து, சண்டை போட்டு, வெட்டிக் குறைத்து வைத்திருக்கும் வீட்டு விதிகள்.

முதலில் சாதா ரிஸ்க்

ரிஸ்க் தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஆல்பெர் லாமோரிஸ் என்ற பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் உருவாக்கிய இந்த ஆட்டம் 1957-இல் பிரான்சில் ‘உலகை வெல்லுதல்’ என்ற பொருள்படும் பெயரில் வந்தது. 1959-இல் அமெரிக்காவின் பார்க்கர் பிரதர்ஸ் அதை ‘ரிஸ்க்’ ஆக்கியது. போர்டில் 42 நாடுகள், 6 கண்டங்கள். நாடு என்று பேச்சுக்குச் சொல்கிறோம், நிஜ வரைபடத்தோடு ஒப்பிட்டால் தலை சுற்றும். நாம் இருக்கும் இந்தியா ஒரே துண்டு. பக்கத்தில் சீனா, சியாம், ஆப்கானிஸ்தான், மத்திய கிழக்கு. இலங்கை தனியாக இல்லவே இல்லை.

உங்கள் முறை வந்ததும் கையில் இருக்கும் நாடுகளை எண்ணி மூன்றால் வகுத்து, அத்தனை புதுக் காய்களை வைப்பீர்கள். எத்தனை குறைவாக இருந்தாலும் 3 உண்டு. ஒரு கண்டம் முழுக்க உங்களுடையது என்றால் கூடுதல்: ஆசியா 7, ஐரோப்பா 5, வட அமெரிக்கா 5, ஆப்பிரிக்கா 3, தென் அமெரிக்கா 2, ஆஸ்திரேலியா 2. அப்புறம் பக்கத்து நாட்டைத் தாக்கலாம். தாக்குபவர் அதிகபட்சம் 3 பகடை, தடுப்பவர் அதிகபட்சம் 2. இருவரின் பெரிய எண்களை ஒன்றோடு ஒன்று, அடுத்த எண்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட வேண்டும். சமம் வந்தால் தடுப்பவருக்கே வெற்றி. தாக்கும் நாட்டில் ஒரு காயாவது பின்னால் நிற்க வேண்டும் என்பதால் 3 பகடை உருட்ட 4 காய் தேவை. முறையில் ஒரு நாட்டையாவது பிடித்தால் ஒரு அட்டை கிடைக்கும். மூன்று அட்டை பொருத்தமாகச் சேர்ந்தால் கொடுத்துக் காய் வாங்கலாம். முதல் செட்டுக்கு 4, அடுத்து 6, 8, 10, 12, 15 என்று ஏறிக்கொண்டே போகும். கடைசியில் பக்கத்து நாடுகளுக்குள் ஒரு நகர்த்தல்.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். 3 பகடைக்கு 2 பகடை என்று உருட்டினால் தடுப்பவர் இரண்டையும் இழக்க 37 சதவீதம், தாக்குபவர் இரண்டையும் இழக்க 29 சதவீதம், ஆளுக்கு ஒன்று போக மீதி 34 சதவீதம். யார் தோற்றாலும் ஒவ்வொரு முழு உருட்டலிலும் இரண்டு காய் சாவது நிச்சயம். சாதா ரிஸ்க்கில் இது யாரும் கவனிக்காத விஷயம். இங்கே இதுதான் ஆட்டத்தின் அச்சாணி.

படி 1: ஜோம்பிக்குக் காய்

புளியங்கொட்டை. அறுபது எண்ணம் கழுவிக் காயவைத்து ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பல்லாங்குழிக்கு வைத்திருப்பது இருந்தால் அதுவே போதும். மிச்சமிருக்கும் ஒரு நிறத்துப் பிளாஸ்டிக் காய்களையும் வைக்கலாம். ஆனால் அது இன்னொரு ஆட்டக்காரர் மாதிரியே தெரிகிறது, அவசரத்தில் எண்ணும்போது குழப்புகிறது. கருப்பும் பழுப்புமாகப் புளியங்கொட்டை போர்டில் கிடந்தால் அருவருப்பு சரியான அளவில் வருகிறது.

படி 2: அடுக்குவது

வழக்கம்போல நாடுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் என்றால் ஆளுக்கு 35 காய், நான்கு பேருக்கு 30, ஐந்து பேருக்கு 25. எல்லாம் வைத்து முடித்த பிறகு நாட்டு அட்டைகளைக் கலைத்து மூன்றை எடுங்கள். ஜோக்கர் அட்டை வந்தால் திருப்பி வைத்துவிட்டு வேறு எடுங்கள். அந்த மூன்று நாடுகளில் தலா 2 புளியங்கொட்டை, அங்கே இருக்கும் காய்களோடு சேர்த்தே. அட்டைகளை மீண்டும் கட்டில் கலந்துவிடலாம்.

காய்களை வைத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். முன்னாலேயே செய்தால் அந்த மூன்று இடங்களிலும் எல்லாரும் உஷாராகிவிடுவார்கள்.

படி 3: சாவுக் கணக்கு

இதுதான் முக்கிய விதி. ஒரு நாட்டின் மேல் தாக்குதல் முடிந்ததும் இரு தரப்பிலும் செத்தவர்களைச் சேர்த்து எண்ணுங்கள். இரண்டு பேருக்கு ஒரு ஜோம்பி, தாக்கப்பட்ட நாட்டில். ஒற்றைப்படையாக ஒன்று மிஞ்சினால் விட்டுவிடலாம். முழு உருட்டல் ஒவ்வொன்றிலும் இருவர் சாவதால், உருட்டலுக்கு ஒரு கொட்டை என்று போட்டுக்கொண்டே போனாலும் கணக்கு சரியாக வரும்.

தாக்குபவர் நாட்டைப் பிடித்துவிட்டால் ஜோம்பிகள் அவர் தலையில். பிடிக்காமல் பாதியில் நிறுத்தினால் தடுத்தவர் தலையில். முன்பே அங்கே ஜோம்பி இருந்திருந்தால், நாட்டோடு சேர்த்து அதுவும் கைமாறும். சண்டையில் ஜோம்பிகள் யார் பக்கமும் சேராது.

படி 4: கடி

உங்கள் முறை தொடங்கியதும், புதுக் காய் எண்ணுவதற்கு முன்னாலேயே, உங்கள் நாடுகளில் இருக்கும் ஒவ்வொரு ஜோம்பிக்கும் ஒரு பகடை உருட்டுங்கள். 5 அல்லது 6 விழுந்தால் அங்கே ஒரு காய் செத்து அதுவும் ஜோம்பியாகும். 1 விழுந்தால் ஜோம்பி அழுகி உதிர்ந்துவிட்டது, கொட்டையை எடுத்துவிடலாம். 2, 3, 4 என்றால் ஒன்றுமில்லை. புதிதாக எழுந்த ஜோம்பி அந்த முறையில் கடிக்காது.

காய் எல்லாம் தீர்ந்துவிட்டால் நாடு ஜோம்பிகளுடையது. அதன் பிறகுதான் மிச்ச நாடுகளை எண்ணி மூன்றால் வகுக்க வேண்டும். கண்டம் உடைந்திருந்தால் கூடுதல் காயும் போச்சு.

ஒற்றைக் காய் நிற்கும் நாட்டில் ஒரு ஜோம்பி இருந்தால் அந்த நாடு போக மூன்றில் ஒரு வாய்ப்பு. இரண்டு ஜோம்பி இருந்தால் பாதிக்கும் மேல். இரண்டு காய்க்கு ஒரு ஜோம்பி என்றால் அந்த முறையில் நாடு போகாது, ஏனென்றால் ஒரு ஜோம்பி ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் கடிக்கும். உள்நாட்டில் ஒற்றைக் காயை விட்டுவிட்டு எல்லாரையும் எல்லைக்கு அனுப்பும் ரிஸ்க் பழக்கம் இங்கே ஆபத்தாவது இதனால்தான்.

படி 5: வேட்டை

புதுக் காய் வைத்த பிறகு, தாக்குதலுக்கு முன், ஜோம்பி இருக்கும் உங்கள் நாடுகளில் ஒவ்வொன்றிலும் ஒரு தடவை வேட்டையாடலாம். அங்கே எத்தனை காய் இருக்கிறதோ அத்தனை பகடை, அதிகபட்சம் 3. 4, 5, 6 விழும் ஒவ்வொரு பகடைக்கும் ஒரு ஜோம்பி காலி. 3 பகடை உருட்டினால் சராசரியாக ஒன்றரை ஜோம்பி போகும். ஒற்றை ஜோம்பியை மூன்று பகடையில் வேட்டையாடினால் எட்டுக்கு ஏழு முறை ஒழிந்துவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. வேட்டை நடந்த நாட்டிலிருந்து அந்த முறையில் தாக்கக் கூடாது. வைத்த விதிகளிலேயே அதிகம் முணுமுணுப்பு வாங்கியது இதுதான். இதை எடுத்துவிட்டால் ஆட்டமே சப்பென்று ஆகிவிடும். வீட்டைச் சுத்தம் செய்வதா, படையெடுப்பதா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வைக்கிறதே, அதற்காகத்தான் ஜோம்பியே.

படி 6: ஜோம்பி நாடு

காய் ஒன்றும் இல்லாமல் ஜோம்பி மட்டும் இருக்கும் நாட்டைத் தாக்கலாம். ஜோம்பிகள் எத்தனை இருந்தாலும் ஒரே பகடைதான் உருட்டும், பக்கத்தில் இருப்பவர் யாராவது உருட்டட்டும். சமம் வந்தால் தாக்குபவருக்கு வெற்றி. 3 பகடை வைத்திருந்தால் 83 சதவீதம் நீங்கள் ஜெயிப்பீர்கள், இரண்டு என்றால் 75, ஒற்றைப் பகடை என்றால் 58. கேட்க நன்றாக இருக்கிறதா? தோற்றால் செத்த உங்கள் காய் உடனே முழு ஜோம்பியாக அங்கே சேர்ந்துகொள்ளும். இங்கே இரண்டுக்கு ஒன்று என்ற கழிவு கிடையாது. இரண்டு காயை வைத்துக்கொண்டு ஒற்றைப் பகடையில் மோதினால் பத்துக்கு நான்கு தடவை ஜோம்பிக்குச் சாப்பாடு போட்டதாகத்தான் முடியும்.

ஜோம்பி நாட்டைப் பிடித்தாலும் அட்டை உண்டு. இதை மறக்காதீர்கள்.

இன்னொன்று: சாதா ரிஸ்க்கில் நாட்டைக் காலியாக விட முடியாது. இங்கே ஜோம்பி இருக்கும் நாட்டை மட்டும், கடைசி நகர்த்தலில், மொத்தமாகக் கைவிடலாம். காய்கள் பக்கத்து நாட்டுக்கு வரும், ஜோம்பி பின்னாலேயே வராது. கடிக்க ஆள் இல்லாத இடத்தில் ஜோம்பி பெருகவும் பெருகாது.

படி 7: நடை

எல்லாரும் ஒரு முறை ஆடி ஒரு சுற்று முடிந்ததும், 3 அல்லது அதற்கு மேல் ஜோம்பி இருக்கும் ஒவ்வொரு ஜோம்பி நாட்டிலிருந்தும் ஒன்று கிளம்பிப் பக்கத்து நாட்டுக்குப் போகும். எந்த நாட்டுக்கு என்று முடிவு செய்வது, அப்போது குறைந்த நாடுகளை வைத்திருப்பவர். இரண்டு பேர் சமமாக இருந்தால் பகடை உருட்டிப் பெரிய எண் வந்தவர்.

பின்தங்கியவருக்கு இது நல்ல ஆயுதம். நேற்று வரை கண்டுகொள்ளாதவர்கள் எல்லாம் சுற்றின் கடைசியில் அவரிடம் வந்து குழைவார்கள். ‘அந்தப் பக்கம் தள்ளிவிடு, நான் உன்னை அடிக்க மாட்டேன்’ என்று பேரம் நடக்கும். நடக்கட்டும்.

படி 8: எப்போது முடியும்

உங்கள் முறையின் தொடக்கத்தில், கடி முடிந்த பிறகு, கையில் 24 நாடு இருந்தால் வெற்றி. முழு உலகத்தையும் பிடிக்க வேண்டும் என்றால் விடிந்துவிடும். அதற்கு முன் ஜோம்பிகள் 14 நாடுகளைப் பிடித்துவிட்டால் ஆட்டம் அங்கேயே நிற்கும்; ஒரு ஜோம்பிகூட இல்லாத சுத்தமான நாடுகள் யாரிடம் அதிகமோ அவருக்கு வெற்றி. எல்லாருக்கும் தோல்வி என்று வைத்துப் பார்க்கலாம்தான். ஆனால் தோற்கப்போகிறவர் ‘நான் கெட்டாலும் பரவாயில்லை’ என்று ஜோம்பிகளை வளர்க்க ஆரம்பித்துவிடுவார்.

ஆக, உங்கள் முறையின் வரிசை இது: கடி, புதுக் காய், வேட்டை, தாக்குதல், நகர்த்தல். ஒரு துண்டுத்தாளில் எழுதி போர்டு பக்கத்தில் வைத்துவிடுங்கள். முதல் ஒரு மணி நேரம் யாராவது கடியை மறந்துவிட்டு நேராகக் காய் எண்ணப் போவார்கள்.

ஒரு சண்டையைக் கூர்ந்து பார்ப்போம்

ரிஸ்க்கில் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் தந்திரம் ஆஸ்திரேலியா. நான்கே நாடுகள், உள்ளே வர ஒரே வாசல்: சியாமிலிருந்து இந்தோனேசியா. வாசலில் காயைக் குவித்துவிட்டு, முறைக்கு 2 கூடுதல் காய் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஜோம்பி ஆட்டத்தில் அந்த வாசலில் என்ன நடக்கிறது பாருங்கள்.

சியாமில் உங்களுக்கு 10 காய். இந்தோனேசியாவில் எதிராளிக்கு 6. மற்ற மூன்று ஆஸ்திரேலிய நாடுகளும் ஏற்கெனவே உங்களுடையவை என்று வைத்துக்கொள்வோம். தாக்குகிறீர்கள். பகடை சுமாராக விழுகிறது: அவருடைய 6 காயும் போகிறது, உங்களுடையது 5 போகிறது. சாதா ரிஸ்க் என்றால் கைதட்டல். சியாமில் ஒன்றை விட்டு 4 காயை உள்ளே நகர்த்திவிட்டு, அடுத்த முறை கண்டத்துக் கூடுதலை எதிர்பார்த்திருக்கலாம்.

இங்கே செத்தவர்கள் 11. இந்தோனேசியாவில் 5 புளியங்கொட்டை விழுகிறது. உங்கள் 4 காய்கள் அதன் நடுவில் நிற்கின்றன.

சுற்று திரும்பி உங்கள் முறை. ஐந்து பகடை: 5, 2, 6, 1, 3. இரண்டு காய் கடிபட்டு எழுகிறது, ஒரு ஜோம்பி உதிர்கிறது. இப்போது 2 காய், 6 ஜோம்பி. இன்னும் இரண்டு 5 விழுந்திருந்தால் வாசலே போயிருக்கும். கண்டம் உங்களுடையதுதான், ஆகவே கூடுதல் 2-ஐயும் சேர்த்து 5 புதுக் காய் வருகிறது என்று வைப்போம். எல்லாவற்றையும் இந்தோனேசியாவிலேயே கொட்டுகிறீர்கள், வேறு வழியில்லை. 7 காய். வேட்டைக்கு மூன்று பகடை: 4, 6, 2. இரண்டு ஜோம்பி காலி, நான்கு மிச்சம். வேட்டையாடியதால் இந்தோனேசியாவிலிருந்து தாக்க முடியாது. சியாமில் ஒற்றைக் காய் நடுங்கிக்கொண்டு நிற்கிறது, அதுவும் தாக்க முடியாது.

ஜெயித்த சண்டைக்குக் கிடைத்த பரிசு இது. பாதுகாப்பான ஒற்றை வாசல் என்று நினைத்த இடம், எல்லாச் சண்டையும் ஒரே இடத்தில் நடப்பதால், எல்லாப் பிணமும் ஒரே இடத்தில் சேரும் இடமாகிவிட்டது. அந்த வாசல் ஜோம்பி கைக்குப் போனால் அங்கிருந்து நடந்து வரும் இடங்கள் நியூ கினியும் மேற்கு ஆஸ்திரேலியாவும்தான், சியாமை விட்டால். நீங்கள் உள்ளே பூட்டப்பட்டிருப்பீர்கள்.

தென் அமெரிக்காவுக்கும் அதே 2 காய், அதே நான்கு நாடு, ஆனால் வாசல் இரண்டு: வெனிசுவேலா, பிரேசில். சாதா ஆட்டத்தில் இது குறை. இங்கே சண்டை இரண்டாகப் பிரிகிறது. ஒன்றை வேட்டைக்கு ஒதுக்கிவிட்டு இன்னொன்றிலிருந்து தாக்கலாம். என் வோட்டு தென் அமெரிக்காவுக்கு. ஆசியாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஐந்து வாசலோடு அது அப்போதும் தலைவலி, இப்போதும் தலைவலி.

புதிதாகக் கிடைக்கும் ஆயுதம்

ஜோம்பி விழுவது தாக்கப்பட்ட நாட்டில். இதை ஒரு நிமிடம் யோசித்தால் சாதா ரிஸ்க்கில் இல்லாத ஒரு தாக்குதல் முறை புலப்படும்: பிடிப்பதற்காக இல்லாமல் கெடுப்பதற்காகத் தாக்குவது.

யூரலில் உங்களுக்கு 9 காய், யுக்ரைனில் எதிராளிக்கு 8. அடுத்த முறை அவர் உங்கள் மேல் பாயப் போகிறார் என்று தெரிகிறது. மூன்றே உருட்டல் உருட்டிவிட்டு நிறுத்துங்கள். செத்தவர் மொத்தம் 6, ஏறக்குறைய ஆளுக்குப் பாதி. யுக்ரைனில் 3 ஜோம்பி. அவர் முறை தொடங்கும்போது மூன்று கடிப் பகடை, சராசரியாக ஒரு காய் போகும். அப்புறம் அவருக்குத் தலைவேதனை: வேட்டையாடினால் யுக்ரைனிலிருந்து தாக்க முடியாது. வேட்டையாடாமல் உங்கள் மேல் வந்தால் முதுகுக்குப் பின்னால் ஜோம்பி பெருகும். எதைத் தேர்ந்தாலும் உங்களுக்கு ஒரு முறை கூடுதலாகக் கிடைத்துவிட்டது.

இதற்கு மாற்று மருந்தும் உண்டு. பெரும்படையை வாசலில் நிறுத்தாமல் ஒரு நாடு உள்ளே தள்ளி வையுங்கள். வாசலில் இரண்டு மூன்று காய் போதும். எதிராளி கெடுக்க வந்தால் கெடுவது சின்ன நாடு. வேட்டைக்காக முடங்குவதும் சின்ன நாடு. உங்கள் பெரும்படை நின்ற இடத்திலிருந்து சுதந்திரமாகத் தாக்கும்.

தடுப்பவராக இருக்கும்போதும் பார்வையை மாற்றிக்கொள்ளலாம். தோற்கப்போகும் நாட்டில்கூட நான்கைந்து காய் வைப்பது வீணில்லை. நாட்டைக் காப்பாற்ற அவை போதாது. ஆனால் பிடிப்பவர் காலடியில் நான்கு ஜோம்பியைப் போட்டுவிட்டுத்தான் போகும்.

இதே காரணத்தால் அட்டை செட்டுக்கு 20 காய் வாங்கிக்கொண்டு போர்டின் குறுக்கே ஒரே மூச்சில் ஓடும் கடைசிக்கட்ட ரிஸ்க் வெறியாட்டமும் மட்டுப்படும். ஓடிய வழியெங்கும் ஒற்றைக் காய்களும் கொட்டைகளும்தான் கிடக்கும். அடுத்த கடிக்கு அதில் பல கழன்றுவிடும். எங்கள் விதியில் வெற்றியைக் கடிக்குப் பிறகு எண்ணச் சொல்வது இதை மனதில் வைத்துத்தான்.

முதல் ஆட்டத்தில் என்ன செய்யலாம்

பெரிய சண்டையைத் தேடிப் போகாதீர்கள். ஒன்றிரண்டு ஜோம்பி மட்டும் இருக்கும் ஜோம்பி நாடு பக்கத்தில் வந்ததும், 4 காயாவது சேர்த்து அதை எடுங்கள். யாருக்கும் கோபம் வராது, பின்னால் பிணம் சேராது, அட்டையும் கிடைக்கும். அமைதியாக அட்டை சேர்க்க இதைவிட நல்ல வழி சாதா ரிஸ்க்கில் கிடையாது. முறைக்கு ஒன்று இப்படி எடுத்தாலே ஆட்டத்தின் நடுவில் நீங்கள் முன்னணியில் இருப்பீர்கள்.

ஜோம்பி இருக்கும் நாட்டில் காய்களை ஜோம்பி எண்ணிக்கையைவிட ஒன்றாவது கூடுதலாக வையுங்கள். அதற்குக் காய் இல்லை என்றால் அந்த நாட்டைக் கைவிடுவதே மேல், முக்கியமாக அது எந்தக் கண்டத்தையும் உங்களுக்குப் பூர்த்தி செய்யாத நாடாக இருந்தால். பாசம் பார்த்து ஒற்றைக் காய்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருப்பவர்கள்தான் ஜோம்பிப் பண்ணை நடத்துகிறார்கள்.

ஜோம்பி அதிகம் உள்ள நாட்டை விலைக்கு விற்பதுபோல எதிராளிக்கு விட்டுக்கொடுக்கவும் செய்யலாம். ஐந்து ஜோம்பி, ஒரே காய் என்று கிடக்கும் நாட்டை அவர் ஆசைப்பட்டுப் பிடித்தால் வாழ்த்துச் சொல்லி அனுப்புங்கள்.

வழக்கமாக வரும் சண்டைகள்

ஒரே முறையில் ஒரே நாட்டை இரண்டு பக்கத்திலிருந்து தாக்கினால் சாவைச் சேர்த்தே எண்ணுங்கள். தனித்தனியாக எண்ணி ஒற்றையை இரண்டு தடவை தள்ளுபடி வாங்கப் பார்ப்பவர்கள் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார்.

கடியில் ஒருவரின் கடைசி நாடும் போய்விட்டால் அவர் அட்டைகள் யாருக்கும் சேராது, கட்டின் அடியில் போகும். சண்டையில் தோற்கடிக்கப்பட்டால் மட்டும் வழக்கம்போலத் தோற்கடித்தவருக்கு.

கிண்ணத்தில் கொட்டை தீர்ந்துவிட்டால் புதிதாக எதுவும் எழாது என்று வைத்துக்கொள்ளலாம். அறுபதும் போர்டில் இருக்கிறது என்றால் எப்படியும் ஆட்டம் முடியும் தறுவாயில்தான் இருக்கும்.

தோற்று வெளியேறியவர் போனைப் பார்த்துக்கொண்டு மூலையில் உட்கார வேண்டியதில்லை. அவர் வெளியேறிய சுற்றிலிருந்து ஜோம்பி நடையை முடிவு செய்யும் உரிமை, பின்தங்கியவரிடமிருந்து அவருக்குப் போகிறது. இரண்டு பேர் வெளியேறியிருந்தால் சுற்றுக்கு ஒருவர். தன்னைத் தோற்கடித்தவர் வீட்டுக்கு ஜோம்பியை ஓட்டிக்கொண்டு போவதில் மனிதர்களுக்கு இருக்கும் உற்சாகத்தைப் பார்த்தால் சிலர் வேண்டுமென்றே சீக்கிரம் தோற்கிறார்களோ என்று சந்தேகம் வரும்.

முதல் தடவை ஆடும்போது மூன்று அல்லது நான்கு பேர் போதும். ஐந்து பேர் என்றால் ஒருவர் கடிப் பகடை உருட்டி முடிக்கும்வரை மற்றவர்கள் தேநீர் போடப் போய்விடுவார்கள். அந்த முதல் ஆட்டத்துக்கு 7-ஆம் படியில் சொன்ன நடையை விட்டுவிட்டு ஆடுங்கள். ஜோம்பிகள் பிறந்த இடத்திலேயே கிடக்கட்டும். சாவுக் கணக்கும் கடியும் கைக்குப் பழகிவிட்டால் அடுத்த ஆட்டத்தில் அவற்றை நடக்க விடலாம்.